மூன்று சொட்டு

குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வழியில் காரைத் திருப்பி, மனைவி செண்பகவல்லியைச் சுண்ணாம்புக் குகைக்குக் கூட்டிவந்திருந்தான் தனசேகர். பிள்ளை வரம் வேண்டுகிறவள், பசுமடிபோல் தொங்கும் கல்லுக்கு அடியில் வாயைத் திறந்து நின்று மூன்று சொட்டு விழுங்க வேண்டுமாம்.

"கொறை உங்ககிட்டன்னுதானே டாக்டர் சொன்னாரு? நீங்க குடிங்க."

"இது பொம்பளைங்க குடிக்கிறது."

முதல் சொட்டு சில்லென்று விழுந்தது. இரண்டாவது வெதுவெதுப்பாக இருந்தது, உப்புக் கரித்தது. அவள் செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தாள். கல்லைச் சுற்றிலும் வௌவால்கள் அப்பிக்கிடந்தன. துப்பக் குனிந்தாள்.

"துப்பிராத, தீர்த்தம்!" என்றான், தள்ளி நின்று மூக்கைப் பொத்தியபடி.

மூன்றாவதையும் வாங்கி, ஊறிய எச்சிலோடு வாயிலேயே தேக்கிக்கொண்டாள்.

"முழுங்கிட்டியா?"

அவள் கிட்டே வரச்சொல்லி விரலால் அழைத்தாள்.