நாய் ரோஜா

"செடி வேண்டாங்கம்மா. வேர் மட்டும் போதும்."

நர்சரிக்காரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். மூன்று வாரத்தில் இந்தப் பெயிண்டர் வருவது இது மூன்றாவது தடவை. கேட்பதும் அதையேதான், நாய் ரோஜாவின் வேர்.

அது காட்டு ரகம். வெயிலானாலும் பனியானாலும் அசைந்து கொடுக்காது. ஐந்தே இதழ், வெளிர்சிவப்பு. ஆனால் பெயரைக் கேட்டதுமே வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பெயர் வந்த கதையை எங்கோ படித்துவிட்டு, நாலு வரி எழுதி, தொட்டிகளுக்கு முன்னால் ஒரு போர்டு வைத்தாள். அப்புறம்தான் ஒன்றிரண்டு விற்றது.

வேரை மட்டும் கேட்டவர் இவர் ஒருத்தர்தான். அது எதற்கு ஆகும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த முரட்டு வேரில் எந்த நோஞ்சான் ரோஜாவை ஒட்டுக் கட்டினாலும் பிடித்துக்கொள்ளும். அடுத்த தெருவில் போட்டிக் கடை போட்டிருக்கும் அவள் கொழுந்தனுக்கு அது நன்றாகவே தெரியும். பெயிண்டரின் விரல்களில் காய்ந்திருந்ததோ, கொழுந்தன் கடை கேட்டின் அதே பச்சை.

ஆள் அனுப்பி வேர் வாங்கப் பார்க்கிறானா? முதல் தடவையே, "இப்பத் தோண்டக் கூடாது, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அடுத்த தடவை, "தோண்டற ஆளு லீவு" என்றாள். மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இன்று நேராகவே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

"என் கொழுந்தன் கடை கேட்டுக்கு நீங்கதானே பெயிண்ட் அடிக்கிறீங்க?"

"ஆமாங்க. இன்னும் ஒரு கோட்டு பாக்கி."

"எத்தனை வேர் வாங்கிட்டு வரச் சொன்னாரு?"

பெயிண்டர் புரியாமல் விழித்தார். "அவர் ஒண்ணும் சொல்லலீங்களே. அவர்கிட்டயும் நான் கேட்டுப் பாத்தேன். இந்த ரகமே இல்லேன்னுட்டாரு."

"பின்ன ஒட்டுக் கட்டப் போறது யாரு?"

"ஒட்டா? எனக்குச் செடி கொடியெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. வீட்டுல அரைச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான்."

"அரைச்சா? யாருக்கு?"

அவர் போர்டைக் காட்டினார். "நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க. அந்தக் காலத்துல வெறிநாய்க் கடிக்கு இந்த வேரைத்தான் மருந்தாக் குடுத்தாங்க, அதனாலதான் இந்தப் பேருன்னு."

"அது பழைய காலத்து நம்பிக்கைங்க. மருந்தே இல்ல. யாரை நாய் கடிச்சுது? எப்ப?"

"என் பொண்ணைத்தாங்க. ஏழு வயசு. நான் முதல்ல இங்க வந்தேனே, அன்னிக்குக் காலைல. கன்னத்துல கடிச்சிருச்சு."

"ஊசி போட்டீங்கல்ல?"

"ஊசின்னா ரொம்ப அழுவா. அதான், வேண்டாம் சாமி, அப்பா வேர் கொண்டாந்து தர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அடுத்த வாரம் வரச் சொன்னீங்களா, சரின்னு இருந்துட்டேன்."

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். "வாங்க, புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இப்பவே."

"அவ்வளவு பதறாதீங்கம்மா, நல்லாத்தான் இருக்கா. காயம்கூட ஆறி, தழும்பாயிடுச்சு" என்றார் பெயிண்டர், அவளைத் தேற்றுகிறவர் போல. "நேத்துலேர்ந்து தண்ணி டம்ளரைப் பாத்தா மட்டும்தான் பயந்து கத்தறா."