நாற்பத்திரண்டு மெஷின்

"ஏன்னா, இன்னும் எதுக்கு அதையே பாத்துண்டிருக்கேள்?"

பட்டு காப்பி டம்ளரை டக்கென்று மேசைமேல் வைத்த பிறகுதான் ஜம்பு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்திக்கொண்டார். இன்னொரு காதில் யாரோ ஒரு யூட்யூப்காரன் வாஷிங் மெஷினைத் தட்டித் தட்டி அதன் குணநலன்களை விவரித்துக்கொண்டிருந்தான்.

"அவசரப்படாதே பட்டு. நாப்பத்திரெண்டு மெஷினை ஏழா வடிகட்டிட்டேன். அடுத்த வாரம் மூணாயிடும்."

"நான் அவசரப்படவே இல்லையே!"

"உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான்."

ஜூன் மாதம் முதல் மழையன்று வீட்டிலிருந்த பழைய மெஷின் உயிரை விட்டது. அன்றைக்கே, "விசாரிக்காம எதையும் வாங்கப்படாது" என்று ஜம்பு ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். திறந்தது திறந்ததுதான், தசரா நெருங்கியும் மூடியபாடில்லை. புனேயில் ஹிஞ்சேவாடி ஆபீசுக்குப் போகிற கம்பெனி காரில், ஒன்றரை மணி நேர டிராஃபிக்கிலும் அதே ஆராய்ச்சிதான். போர் தண்ணீருக்கு எது உசிதம், டேங்கர் தண்ணீருக்கு எது உசிதம், எது ஆடும், எது துணியைக் கிழிக்கும், எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தார்.

அடுக்குமாடி சொசைட்டியில் யார் மெஷின் வாங்குவதென்றாலும் ஜம்பு சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். அவரும் ஆற அமர உட்கார்ந்து சொன்னார். அவர்கள் போய் வாங்கினார்கள், துவைத்தார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு வந்து, ஜம்பு மட்டும் தன் ஷீட்டில் இன்னொரு பத்தியைச் சேர்த்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவர் மனசை அறுத்தது. பட்டுவின் கை.

பாங்க் வேலைக்கும் போய்விட்டு வந்து, வாளி வாளியாகத் துணியைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, "மணிக்கட்டு விட்டுப்போறதுன்னா" என்று முதல் சில வாரங்கள் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள், பாவம். தசராவுக்குள் அவள் கையை வாளியிலிருந்து மீட்காவிட்டால், தன்னையெல்லாம் ஒரு புருஷன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

"கை எப்படி இருக்கு பட்டு?"

"கைக்கென்ன? நன்னாத்தான் இருக்கு."

"என்கிட்ட மறைக்காதே. இந்தச் சட்டையைப் பாரு, மல்லிப்பூவாட்டம் இருக்கு! எந்த மெஷின் இப்படித் துவைக்கும், சொல்லு? உன் கைத் தோய்ச்சலைப் பாத்துப் பழகினதாலதான் எனக்கு எந்த மாடலுமே பிடிக்க மாட்டேங்கறது."

பட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிஜமாத்தான் பேசறேளா, இல்லை என்னைக் கிண்டல் பண்றேளா?"

"கிண்டலா? உன் கஷ்டத்தைப் போயா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யூட்யூப்காரன் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வந்துவிட்டான். ஜம்பு ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டார்.

தசராவுக்கு முந்தின சனிக்கிழமை காலை. வாசல் தோரணத்துக்கு செண்டுமல்லிப் பூ வாங்கி வர பட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜம்பு ரகசியமாக ஆர்டர் செய்திருந்த மெஷின் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியின் நெற்றியில் அவரே ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். சமையலறைக்குப் பின்னால் துணி தோய்க்கிற ட்ரை பால்கனி இருக்கிறது, போய் இடத்தைப் பார்த்துவிட்டு வா என்று அதைப் பொருத்த வந்த மெக்கானிக்கை உள்ளே அனுப்பிவிட்டு, லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டு பூப்பையோடு வந்தாள். ஹாலில் நின்ற பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னன்னா இது?"

"உன் கைக்கு விடுதலை!" ஜம்புவின் குரல் தழுதழுத்தது. "நாலு மாசம், நாப்பத்திரெண்டு மெஷின், பட்டு. அத்தனையும் உனக்காகத்தான். இனிமே நீ ஒரு கர்ச்சீப்பைக்கூடக் கையால கசக்கப்படாது!"

"அடராமா! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவே. உன்னை எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே ட்ரை பால்கனியிலிருந்து திரும்பி வந்தான்.

"சாப்," என்றான் இந்தியில், "அங்கே ஏற்கெனவே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எங்கே வைக்கட்டும்?"

ஜம்பு மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு பட்டுவைப் பார்த்தார்.

"ஜூலையிலேயே முக்குக் கடைக்குப் போய், கால் மணி நேரத்துல வாங்கிண்டு வந்துட்டேனேன்னா!" என்றாள் பட்டு. "'மெஷின் வாங்கியாச்சு, நன்னா ஓடறது'ன்னு அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்களும் ஹெட்ஃபோனைக் கழட்டாம தலையை ஆட்டிண்டே, 'புனே வாடிக்கையாளர், பெண், பரம திருப்தி'ன்னு உங்க ஷீட்ல ஏத்திண்டேளே!"