வாசலில் திரும்பிய பெண்

கதவைத் தள்ளினாள். எதிரே பெரிய விளக்கு. கண் கூசியது.

யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கச் சொன்னார் கேமராமேன் பிரகாசம்.

திரும்பினாள்.

யாரும் கூப்பிடவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

ஒரே டேக்கில் முடிந்தது.

வரவேண்டிய மாடல் பெண் அன்று வரவில்லை. வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுக்கும் அவளைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார்கள். முகம் தெரியாது, நிழல்தான் என்றார் முதலாளி சபேசன். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை, ஒரு தோள், திரும்பும் கழுத்து. தலைக்கு மேல் எழுத்து விழும்.

பொன்வாசல் விஷன்.

சாலிகிராமத்தின் ஒரு மாடியில் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு அதுதான் முதல் லோகோ. ஏழரை மணி நாடகத்துக்கு முன்னால் சில நொடிகள் வரும்.

“வந்துட்டே பாரு” என்பான் அவள் புருஷன் ராயப்பன்.

அவள் திரையில் தன்னைப் பார்ப்பதில்லை. புளியங்குடியில் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிவியை நினைப்பாள். எதிரே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாவை.

ராயப்பனோடு அவள் கிளம்பி வந்த பிறகு, வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சித்தி மூலம் சொல்லியனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை.

ஒருமுறை ரங்கநாதன் தெருவில், ஊரில் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தைப் பார்த்தாள். துணி எடுக்க வந்திருந்தாள். அம்மா ஏழரை நாடகத்தை ஒரு நாளும் விடுவதில்லையாம். பேர் போடுவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவாளாம். அடுப்பில் என்ன இருந்தாலும்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றாள் அவள்.

சொர்ணம் புடவைக் கடை பக்கம் பார்த்தபடி இல்லை என்றாள்.

பேர் போடுவதற்கு முன்னாலேயே.

அதை வைத்துக்கொண்டு சில வருஷங்கள் ஓட்டினாள்.

கம்பெனி வளர்ந்தது. கம்ப்யூட்டர் படித்த ஒருவன் பழைய படத்தின் மேலேயே நீலத்தில் கோடு இழுத்துப் புது லோகோ செய்தான். சின்ன டிவியில் சடை கறை மாதிரி தெரிகிறது என்று தோள் வரைக்கும் வெட்டிவிட்டான். விட்டுவைக்க முடியாதா என்று கேட்டாள். அவன் சிரித்தான். அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்கு வரவில்லை.

கழுத்து மட்டும் அப்படியே திரும்பியது.

பிறகு நாடகங்கள் வெளிநாட்டுக்கும் போயின. மூன்றாவது லோகோ வந்தது. பூமி உருண்டை சுழலும். அதற்குள்ளிருந்து பொன்னால் ஒரு கதவு எழும். தானாகத் திறக்கும்.

பெண் இல்லை.

ஆபீசில் எல்லோரும் கை தட்டினார்கள். மைசூர்பாகு கொடுத்தார்கள். அவளும் தின்றாள்.

அன்று ஏழரை மணிக்கு ராயப்பன் வேறு சேனலுக்கு மாற்றினான்.

ஒவ்வொரு நாடகத்தின் முடிவிலும் ஆபீஸ் நம்பர் ஓடும். ஊர் ஊராக யார் யாரோ கூப்பிடுவார்கள். மாமியாரைத் திட்டுவார்கள். கதாநாயகிக்கு எப்போது விடியும் என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அது நின்றுபோனது.

இப்போதும் மணி அடித்தது. எடுத்தாள். வணக்கம் சொன்னாள்.

பின்னால் பஸ் ஹாரன். எஸ்டிடி பூத்தின் கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

“ஏம்மா, நாடகத்துக்கு முன்னாடி ஒரு பிள்ள கதவத் தொறந்து திரும்பிப் பாக்குமே. இப்ப ஏன் அதக் காட்ட மாட்டேங்கிய?”

கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே குரல்.

அம்மா.

லோகோவை மாற்றிவிட்டார்கள் என்றாள். ஆபீஸ் குரலில்தான் சொல்ல முடிந்தது.

“அந்தப் பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?”

இல்லை என்றாள்.

“நடுவுல முடி கொறஞ்சு போச்சு. காச்சல் வந்து கொட்டிட்டோ என்னமோன்னு கெடந்தேன். இப்ப ஆளையே காணும்.”

கம்ப்யூட்டரில் வரைந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

“முடி நல்லா வளந்துட்டு” என்றாள். அவளை அறியாமல் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.



ஒரு பஸ் போய் முடிந்தது.

“இனும எங்கன போயிப் பாக்க?”

எதிர் மேஜையில் யாரோ டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டார்கள். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சாயங்காலம் வண்டி ஏறினா விடியக்காலம் கோயம்பேடு. ஜன்னலோரம் உக்காராத. கூதக்காத்து ஒனக்கு ஆகாது.”

குரலைத் தாழ்த்தினாள்.

“எறங்குற எடத்துல நான் நிப்பேன்.”

அம்மா அழுகிறாளா என்று தெரியவில்லை. வைத்துவிடவும் இல்லை.

அம்மாவுக்கு போன் போடத் தெரியாது. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள், அம்மாவுக்கு மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அப்படித்தான் செருமுவார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.