கூழைக்கடா டாக்டர் போன பயிற்சி வகுப்பு

காலில்லாமல் மலை தாண்டும், வாயில்லாமல் வயிற்றுவலி சொல்லும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்!

வடதேசத்து வாத்துக் குஞ்சின் மருத்துவக் குறிப்புதான். குஞ்சு பறந்து வருவதற்குள் அது கூழைக்கடா டாக்டரின் கணினிக்கு வந்துவிட்டது. இப்படிக் குறிப்புகளை அனுப்பிக்கொள்ள இரண்டு தேசத்து ஏரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் போட்டு, மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

"ஏதோ ஒரு மருந்து எனக்கு ஆகாதாம், டாக்டர். பேரு அந்தக் குறிப்புல இருக்குன்னு அம்மா சொன்னாங்க," என்றது காய்ச்சலில் நடுங்கிய குஞ்சு.

டாக்டர் கணினியைத் தட்டினார், அலகால் குத்தியும் பார்த்தார். குறிப்பு திறக்கவில்லை.

"பயிற்சி வகுப்புக்குப் போனீங்களே?" என்றது நர்ஸ் தவளை.

"போனேன். திறக்கிறதை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக் கொடுத்தாங்களாம். மீன் சாப்பாடு! எனக்கு அலகுப் பை நிறைஞ்சதும் கண்ணு சொக்கிடுச்சு."

சொல்லிவிட்டு, தொங்கிய பையைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். பிறகு குஞ்சிடம் குனிந்தார்.

"குத்துமதிப்பா ஒரு மருந்து தரட்டுமா கண்ணு, இல்லே போய்ப் படிச்சுட்டு வரட்டுமா?"

படித்துவிட்டு வரச் சொன்னது குஞ்சு.