அபராதம் மட்டும்

"இந்தப் பயல் தோலை உரிச்சாலும் தகும்" என்று கோர்ட்டு வாசலிலேயே கறுவினார் ஏட்டு வேங்கடேசன்.

பின்னே? வானூரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஒற்றை மாட்டு வண்டியில் மலை மாதிரி மல்லாட்டை மூட்டை, அத்தனையும் நிலக்கடலை. மாட்டின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மற்ற வண்டிக்காரர்கள் எண்ணெய்த் துணி போட்டாவது மறைப்பார்கள். இந்த வண்டிக்காரன் மண்ணாங்கட்டியோ புண்ணைத் திறந்து போட்டு, போலீஸ் ஸ்டேஷன் எதிரிலேயே வண்டியை நிறுத்திவிட்டுச் சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். என்ன கொழுப்பு! அதுவும் இது மூன்றாவது தடவை.

மாஜிஸ்திரேட் முகம் சுளித்தார்.

"புண்ணு தெரிஞ்சுதான் பூட்டினியா?"

"தெரிஞ்சுதாங்க எசமான்."

மாட்டுக்குச் சொந்தக்காரர், மண்டி முதலாளி கிருஷ்ணசாமி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"அபராதத்தை நானே கட்டிடறேங்க. ஜல்தியா முடிச்சுக் குடுத்தா மூட்டையை எறக்கலாம்."

"அபராதம் வேணாங்க எசமான்" என்றான் மண்ணாங்கட்டி. "என்னை உள்ள போடுங்க."

கோர்ட்டே சிரித்தது. வேங்கடேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போடுங்கய்யா! ஆறு மாசம் களி தின்னாத்தான் இவனுக்குப் புத்தி வரும்!"

"போடணும்னுதான் எனக்கும் ஆத்திரமா வருது" என்றார் மாஜிஸ்திரேட். "வெள்ளைக்காரன் சட்டம் எழுதி அம்பது வருஷமாச்சு. புண்ணு மாட்டைப் பூட்டினா அபராதம்தான்னு எழுதி வெச்சிருக்கான். அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

கிருஷ்ணசாமி அபராதத்தைக் கட்டினார். அவருக்கு அது வண்டிக் கூலியோடு சேர்ந்த செலவு.

"டேய், வண்டியைப் பூட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் வேங்கடேசன் மண்ணாங்கட்டியின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்.

"கோர்ட்டுல வந்து கிண்டலா பண்றே? உழைக்க வலிக்குது, ஜெயில் சோறு கேக்குதா உனக்கு?"

மண்ணாங்கட்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

"கிண்டல் இல்லீங்க ஏட்டையா. பூட்ட மாட்டேன்னு சொன்னா மொதலாளி எங்க குடிசையைப் பிரிச்சுடுவாருங்க. அவரு மனை அது. உங்க கண்ணுல படணும்னுதான் துணியை எடுத்துட்டு ஸ்டேஷன் எதிர்ல நின்னேன். நான் உள்ள போயிட்டா, புண்ணு ஆறுற வரைக்கும் மாடு சும்மா நிக்கும்."

"ஏன், வேற எவனாவது பூட்டிட்டுப் போறான்!"

"முட்டு மாடுங்க அது. ரெண்டு பேரைக் குத்திப் போட்டுச்சு. யாரையும் கிட்ட சேக்காது."

வண்டியைத் தூக்கிப் பிடித்து, மாட்டைப் பார்த்து மெல்ல நாக்கைச் சொடுக்கினான். மாடு தானாகவே வந்து, தலையைத் தாழ்த்தி, புண்ணோடு நுகத்தடிக்குக் கீழே நின்றது.

அவன் அதன் நெற்றியைத் தடவினான்.

"என்னை நம்பித்தாங்க கழுத்தைக் குடுக்குது."