இரண்டு கோமதி

கணினிக்குள்ளே ஒரு பழைய கோப்பில் கோமதி என்றொரு பெயர் குடியிருந்தாள். புதுக் கோப்பிலும் ஒரு கோமதி இருந்தாள். ஒருநாள் கறுப்புத் திரையில் கட்டளை விழுந்ததும், கோப்புகளை ஒப்பிடுகிறவன் வந்து நின்றான். இரண்டு கோப்பிலும் இருக்கிற பெயர்தான் தங்கும், ஜோடி இல்லாதது அழியும் என்றான்.

பழைய கோமதிக்குப் பயமே இல்லை. "அதோ நிக்கிறாளே, என்னை உரிச்சு வச்ச மாதிரி!"

அவன் இருவரையும் தடவிப் பார்த்தான். "ரெண்டும் வேற வேற."

"உனக்குக் கண்ணு தெரியலையாப்பா?"

"எனக்குக் கண்ணே கிடையாதும்மா, விரல்தான். உன் 'கோ'வுக்குக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியா அடிச்சிருக்காங்க. அவ 'கோ'வுக்குக் கொம்பைத் தனியா, காலைத் தனியா அடிச்சு ஒட்டியிருக்காங்க."

"பார்த்தா ஒண்ணாத்தானே இருக்கு?"

"பார்க்கிறவங்களுக்கு."

இருவரையும் அழிக்கவேண்டிய கோப்பில் தள்ளிவிட்டுப் போனான். பழைய கோமதி குழம்பிப்போய்த் தன் கொம்பைத் தொட்டாள், காலைத் தொட்டாள். பக்கத்திலிருந்தவளும் அப்படியே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நம்ம ரெண்டு பேர்ல யாரு கோமதி?"

"அதைத்தாங்க்கா நானும் உங்ககிட்ட கேட்கலாம்னு இருந்தேன்."