வெட்டுப்படாத காசு

"கட்டாயம் கேஸ் போடணுமுங்க" என்றாள் அன்புச்செல்வி.

கிருத்திகாவின் பேனா படிவத்தின் மேல் அப்படியே நின்றது.

சேலத்திலிருந்து கருத்துக் கேட்க வந்தவள், எடப்பாடியில் காலையிலிருந்து பதினோரு வீடு ஏறி இறங்கிவிட்டாள். புருஷனிடம் அடிபட்ட பெண்களுக்கு ஒரே கேள்வி. அடிபட்டவள் வேண்டாம் என்றாலும் போலீஸ் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தால் சரியா, தப்பா?

பதினோரு பேரும் 'எங்களைக் கேட்காமலா?' என்று சிலிர்த்துக்கொண்டார்கள்.

இவளும் அதைத்தான் சொல்வாள் என்று கிருத்திகா நினைத்திருந்தாள். வாசலில் ராட்டை சுற்றும் இவள் மாமியார் பெருமாயி, உள்ளே நுழையும்போதே அப்படிப் பொரிந்து தள்ளியிருந்தாள்.

இரண்டு வருடம் முன்பு எவளோ பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டு, போலீஸ் வந்து, மகன் மாதையனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டதாம். போன் போட்ட பாதகத்தியின் விரல் அழுகட்டும் என்று கோயிலில் காசை இரண்டாக வெட்டிப் போட்டுச் சாபம் விட்டாளாம். பின்கட்டில் மாதையன் ஓட்டும் தறிச் சத்தத்தையும் மீறிச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் கை ஓங்கியதில்லை என்பதையும் சொன்னாள். அதை மட்டும் மெதுவாக.

ஏன் கட்டாயம் என்று கேட்டாள் கிருத்திகா.

அன்புச்செல்வி தறிச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டாள். "சட்டமே புடிச்சுதுன்னா எம்மேல பழி வராதுங்கல்ல? போன் போட்டது நாந்தானுங்க. அவருக்குத் தெரிஞ்சா இந்த ஊட்ல எனக்கு எடமில்லீங்க."

கிருத்திகாவுக்கு வாசல் பக்கம் திரும்பவே பயமாகிவிட்டது. மாமியார் காசு வெட்டிச் சபித்தது இவளையா!

அன்புச்செல்வி சிரிப்பை முந்தானையில் அமுக்கினாள். எங்கே வெட்டுப்பட்டது? உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ரொம்பக் கெட்டிக் காசு என்று பெருமாயி மடியில் முடிந்துகொண்டாளாம். ஊருக்குள்தான் அது வெட்டுப்பட்ட காசு.

"அன்னைக்கு எந்திரிக்க முடியாமக் கெடந்தனுங்க. அத்தை அவங்க போனைத் தலைமாட்டுல வச்சுட்டுத் தண்ணிக்குப் போயிட்டாங்க. எடுத்துப் பாத்தா, நம்பரு மூணும் அமுக்கியே இருக்குது. பச்சைப் பொத்தானை மட்டுந்தான் நான் தொட்டனுங்க."

நூல் அறுந்ததோ என்னவோ, பின்கட்டில் தறி சட்டென்று நின்றது. வீடே நிசப்தமானது.

அடுத்த நொடி வாசலில் பெருமாயி, அந்தப் பாதகத்தியை முதலிலிருந்து உரக்கச் சபிக்க ஆரம்பித்தாள்.